டேப்பா, லேப்டாப்பா: ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஏழு லட்சம் ரூபாய் செலவான விதம்

பின்னணி

காவிரி டெல்டாவில் ஒரு சிறு நகரம். அங்குள்ள அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 2023 முதல் 2025 வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். பள்ளியின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று எல்லோரும் பேசி முடிவெடுத்தோம். இதே கேள்வியோடு நிற்கிற வேறு பள்ளிகளுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் உதவும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பள்ளியில் படிப்பவர்களின் பெற்றோர் பெரும்பாலும் விவசாயக் கூலிகள், கடை ஊழியர்கள், டிரைவர்கள். பல குடும்பங்களில் அப்பாவோ அண்ணனோ திருப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ வேலை பார்க்கிறார்கள். பிளஸ் ஒன்னில் கணினி அறிவியல் பிரிவில் மட்டும் 52 பேர். கணினி ஆய்வகத்தில் 11 பழைய டெஸ்க்டாப்கள் இருந்தன. அவற்றில் ஆறுதான் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு கணினிக்கு எட்டு ஒன்பது பேர் என்றால் செய்முறை வகுப்பு எப்படி நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆசிரியை செய்து காட்டுவார், பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டில் பார்த்து எழுதுவார்கள்.

தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் இருக்கும் இளையவர்கள் பலர் அந்த லேப்டாப்பில்தான் முதன்முதலில் எதையாவது தட்டிப் பழகியவர்கள். கொரோனாவுக்குப் பிறகு அந்தத் திட்டம் நடைமுறையில் நின்றுபோனது. அந்த இடத்தைக் கொஞ்சமாவது நிரப்ப வேண்டும் என்றுதான் பழைய மாணவர்கள் பணம் திரட்டினார்கள். ஏழு லட்சம் ரூபாய் சேர்ந்தது. செலவை முடிவு செய்ய ஐந்து பேர் கொண்ட குழு போட்டார்கள். நானும் அதில் ஒருவன்.

முதல் யோசனை: ஆளுக்கொரு டேப்

முதல் கூட்டத்திலேயே ஒரு திட்டம் தயாராக இருந்தது. பத்து அங்குல ஆண்ட்ராய்டு டேப் ஒன்று 13,500 ரூபாய். 52 பேருக்கு வாங்கினால் 7,02,000. கையில் இருந்த பணத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. யாருக்கும் இல்லை என்று சொல்ல வேண்டாம், ஆண்டு விழா மேடையில் வைத்துக் கொடுக்கலாம், பிள்ளைகள் வீட்டுக்கே கொண்டுபோகலாம். அதே பணத்தில் 35,000 ரூபாய் விலையில் புது லேப்டாப் வாங்கினால் 20தான் வரும். மீதி 32 பேர் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

டேப்புக்கு ஆதரவாகப் பேசியவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. பாடப்புத்தகத்தில் அச்சாகியிருக்கும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் பாடம் திறக்கும். பள்ளிக்கல்வித் துறை 2023 ஜூலையில் வெளியிட்ட மணற்கேணி செயலியில் மாநிலப் பாடத்திட்டத்துக்கே காணொலிகள் உண்டு. டேப்பை எடுத்துப் போவது சுலபம், பேட்டரி நாள் முழுக்க வரும், பிள்ளைகளுக்குப் போன் பழக்கம் இருப்பதால் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

எதிர்த்துப் பேசியவர் கணினி அறிவியல் ஆசிரியை மட்டும்தான். அவரும் டேப் கூடாது என்று சொல்லவில்லை. “சார், பிளஸ் ஒன்னுல சி++, பிளஸ் டூல பைத்தானும் மை-எஸ்கியூஎல்லும். இதை எங்க உட்கார்ந்து எழுதுவாங்கன்னு மட்டும் சொல்லிடுங்க” என்றார். சி++, பைத்தான் இரண்டும் நிரல் எழுதும் மொழிகள், மை-எஸ்கியூஎல் தரவுத்தள மென்பொருள். கூட்டத்தில் பதில் சொல்ல யாரும் இல்லை. அன்று முடிவெடுக்காமல் கலைந்ததுதான் இந்த விஷயத்தில் நடந்த முதல் நல்ல காரியம் என்று நினைக்கிறேன்.

மற்ற இடங்களில் நடந்தது

அமெரிக்காவில் இருக்கும் ஒரு பழைய மாணவர் இரண்டு ஊர்களின் அனுபவத்தைக் குழுவுக்கு விளக்கினார்.

முதலாவது லாஸ் ஏஞ்சல்ஸ். அந்த நகரின் பள்ளி நிர்வாகம் 2013-இல் எல்லா மாணவர்களுக்கும் ஐபேட் தரத் தொடங்கியது. மொத்தத் திட்டம் சுமார் 130 கோடி டாலர். கொடுத்த கொஞ்ச நாளிலேயே உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கட்டுப்பாட்டு மென்பொருளை நீக்கிவிட்டு வேண்டிய தளங்களுக்கெல்லாம் போனார்கள். செய்தித்தாள்கள் அதைத்தான் பெரிதாக எழுதின. எங்களுக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. புதிய கணினிவழித் தேர்வுகளுக்குக் கீபோர்டு வேண்டும். ஐபேடுக்குப் போட்ட செலவுக் கணக்கில் கீபோர்டு சேரவில்லை. 2014 ஆகஸ்டில் அந்த ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் சில உயர்நிலைப் பள்ளிகள் லேப்டாப் உட்பட வேறு கருவிகளிலிருந்து தேர்ந்தெடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது.

இரண்டாவது மெய்ன் மாநிலத்தின் ஆபர்ன். மெய்ன் 2002-இல் ஏழாம் வகுப்பிலும் அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்பிலும் தொடங்கி மாணவர்கள் எல்லோருக்கும் லேப்டாப் கொடுத்துவந்த மாநிலம். ஆபர்ன் 2011-இல் மழலையர் வகுப்புக்கே ஐபேட் கொடுத்துப் பேர் வாங்கியது. அதே ஊர் 2016-இல் பெரிய வகுப்புகளில் கருத்துக் கேட்டபோது ஆசிரியர்களிலும் மாணவர்களிலும் பெரும்பான்மையோர் லேப்டாப்தான் வேண்டும் என்றார்கள். ஐபேடைத் திருப்பிக் கொடுத்து லேப்டாப் வாங்கினார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்குப் பொருந்தியது பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பொருந்தவில்லை.

இந்த இரண்டும் பணக்கார நாட்டுக் கதைகள், நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தாது என்று ஒருவர் ஆட்சேபித்தார். அதுவும் சரிதான். அப்படியானால் நம் பிள்ளைகளையே வைத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவானது.

இரவல் கருவிகளோடு ஆறு வாரம்

சங்க உறுப்பினர்களிடமிருந்து நான்கு டேப், நான்கு லேப்டாப் இரவல் வாங்கினோம். 2023 ஆகஸ்ட் நடுவிலிருந்து ஆறு வாரம், பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்கள் சிறு குழுக்களாக மாறிமாறிப் பயன்படுத்தினார்கள். எது பிடிக்கிறது என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் புதிதாக, பளபளப்பாக இருப்பதைத்தான் சொல்லியிருப்பார்கள். வேலை கொடுத்தோம், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம்.

முதல் வேலை நிரல் எழுதுவது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லாமல் போயிற்று. டேப்பின் தொடுதிரை விசைப்பலகையில் எழுத்துகள் ஒரு பக்கம், எண்களும் சில குறிகளும் அடுத்த பக்கம், { போன்ற அடைப்புக்குறியும் < குறியும் அதற்கும் அடுத்த பக்கம். சி++ நிரலில் திரையில் எதையாவது அச்சிடும் ஒவ்வொரு வரியிலும் << வரும். ஒரு பையன் அந்தக் குறிக்காக இரண்டு முறை பக்கம் மாற்றி, அடித்து, திரும்பி வந்து எழுத்தைத் தொடர்வதற்குள் என்ன எழுத நினைத்தான் என்பதையே மறந்துவிட்டு நோட்டைப் பார்த்தான். பைத்தானில் வேறு சிக்கல். வரியின் தொடக்கம் என்பதால் விசைப்பலகை தானாகவே முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கியது. பிரிண்ட் என்ற கட்டளை பெரிய ‘பி’யோடு போய் நின்றது. பைத்தானுக்கு அப்படியொரு கட்டளையே கிடையாது, பிழை என்று சொல்லிவிடும். அதை எழுதிக்கொண்டிருந்த மாணவி நாலைந்து தடவை திரும்ப எழுதினாள். தன் தர்க்கத்தில்தான் தவறு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தானாகத் திருத்தும் வசதியை அணைத்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் பழகத் தொடங்குகிற பிள்ளைக்கு எந்தப் பிழை தன்னுடையது, எது கருவியுடையது என்றே தெரியாத நிலை மோசமானது.

இரண்டாவது வேலை தமிழில் ஒரு கட்டுரை. ஊர் வாய்க்காலைப் பற்றிப் பள்ளி மலருக்காக எழுதச் சொன்னோம். டேப்பைக் கிடைமட்டமாக வைத்தால் விசைப்பலகை திரையில் பாதியை எடுத்துக்கொள்ளும். எழுதியதில் ஐந்தாறு வரிதான் கண்ணுக்குத் தெரியும். பிள்ளைகள் கீழே கீழே எழுதிக்கொண்டே போனார்கள். மேலே போய் முதல் பத்தியைத் திருத்தியவர் அரிது. லேப்டாப்பில் அதே தலைப்பை எழுதிய ஒரு மாணவி மூன்றாவது பத்தியை வெட்டி முதலில் ஒட்டினாள். வாய்க்காலில் மீன் பிடித்த பாட்டியைப் பற்றிய பத்தி அது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்த தமிழாசிரியர், “இது திருத்தி எழுதின கட்டுரை, அது பேசி முடிச்ச கட்டுரை” என்றார்.

அந்த மாணவி டவுனில் உள்ள டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் லோயர் முடித்தவள். லேப்டாப்பில் உபுண்டு என்ற இலவச இயங்குதளம் இருந்தது. அதில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை, பழைய தட்டச்சு அமைப்பு மூன்றையும் போட்டுக்கொள்ளலாம். அவள் விரல்களுக்குத் தெரிந்த அமைப்பு கிடைத்ததும் திரையை மட்டுமே பார்த்து அடித்தாள். சின்ன ஊர்களில் இன்னும் உயிரோடு இருக்கும் இந்த இன்ஸ்டிட்யூட்களை நாம் கணினிக் கல்வியின் பகுதியாக ஏன் எண்ணுவதே இல்லை என்று எனக்கு அன்றிலிருந்து ஓர் ஆதங்கம்.

இதே வேலையில் டேப்புக்குச் சாதகமான ஒன்றையும் பார்த்தோம். எழுத்துப்பிழைக்குப் பயந்து இரண்டு வரிக்கு மேல் எழுதாத ஒரு பையன், டேப்பில் பேசி எழுதும் வசதியைப் பயன்படுத்தி இரண்டு நீளப் பத்திகள் சொல்லிவிட்டான். அவன் அப்பா மடையைத் திறந்துவிடுகிற விதம், எந்தக் கட்டையை முதலில் எடுக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் எல்லாம் அதில் இருந்தது. அவனிடம் இவ்வளவு இருக்கிறது என்று வகுப்பில் யாருக்கும் தெரியாது.

மூன்றாவது, அறிவியல் ஆய்வகம். இங்கே டேப் தெளிவாக முந்தியது. ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியை ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியிருக்கிறார்கள். டேப்பின் மைக்கையும் உணரிகளையும் அளவுகருவியாக மாற்றிவிடும். அதில் ஒலியைக் கேட்டுத் தொடங்கி ஒலியைக் கேட்டே நிற்கும் நிறுத்தக் கடிகாரம் உண்டு. வராந்தாவில் ஐந்து மீட்டர் இடைவெளியில் இரண்டு டேப்களை வைத்தார்கள். இந்த முனையில் நிற்பவன் கைதட்டினால் இரண்டு கடிகாரமும் ஓடத் தொடங்கும், அந்த முனையில் நிற்பவள் தட்டினால் இரண்டும் நிற்கும். ஒலி அந்த ஐந்து மீட்டரைக் கடக்க எடுக்கும் நேரத்தால் இரண்டு கடிகாரங்களும் வேறு வேறு நேரம் காட்டும். வித்தியாசம் ஏறக்குறைய 0.029 வினாடி வர வேண்டும். பத்து மீட்டரை அந்த நேரத்தால் வகுத்தால் ஒலியின் வேகம். முதலில் கன்னாபின்னாவென்று எண்கள் வந்தன, மின்விசிறியை நிறுத்தினார்கள், பக்கத்து வகுப்புச் சத்தம் ஓய்ந்ததும் மறுபடி தட்டினார்கள். நொடிக்கு 350 மீட்டரை ஒட்டி விடை வந்தபோது அந்தக் குழு கத்திய கத்தலில் தலைமையாசிரியரே வெளியே வந்துவிட்டார்.

உயிரியல் மாணவர்கள் செம்பருத்திப் பூவை நீளவாக்கில் வெட்டி, டேப்பில் படம் எடுத்து, படத்தின் மேலேயே பாகம் குறித்தார்கள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போக யாருக்கும் தோன்றவே இல்லை. பாடநூலின் பிடிஎஃப்-ஐப் படிக்கவும் டேப்தான் வசதி. லேப்டாப்பின் படுக்கைத் திரையில் ஒரு பக்கம் முழுதாகத் தெரியாது.

டேப்போடு புளூடூத் கீபோர்டு சேர்த்தால் இரண்டும் கிடைக்குமே என்ற யோசனையையும் சோதித்தோம். ஒரே அறையில் நாலு கீபோர்டு இருந்தபோதே ஒன்று இன்னொரு டேப்போடு ஒட்டிக்கொண்டது. தமிழ் விசை அமைப்பு வெளிக் கீபோர்டில் சரியாக வரவில்லை. 52 டேப்போடு இதைக் கட்டி மேய்க்க முடியாது என்று ஆசிரியை உறுதியாகச் சொன்னார். பெரும்பாலும் இணையத்தை நம்பி ஓடும் லேப்டாப் வகையான குரோம்புக்கை, பள்ளியில் இணையம் அடிக்கடி அறுந்துபோவதால், பரிசீலனையிலேயே விட்டுவிட்டோம்.

கணக்கும் கரண்டும்

பெற்றோர் கூட்டத்தில் கேட்டவை எங்கள் கணக்கை மாற்றின. ஓர் அம்மா சொன்னார்: “வீட்ல போன் ஒண்ணுதான் சார். அவங்க அப்பா வேலைக்குப் போறப்ப எடுத்துட்டுப் போயிடுவாரு. ராத்திரி பத்து மணிக்குத்தான் பொண்ணு கையில கிடைக்கும்.” இன்னொருவர் நேர் எதிராக, டேப்பை வீட்டுக்குக் கொடுக்கவே வேண்டாம், தம்பி தங்கைகள் கார்ட்டூன் பார்க்கத்தான் ஆகும் என்றார். இரண்டு பேருமே தங்கள் வீட்டை நன்றாக அறிந்தவர்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே பதில் கிடையாது என்பது அங்கே தெரிந்தது.

புது லேப்டாப்புக்கு மாற்றாக, நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டு பயன்படுத்திக் கழித்த அலுவலக ரக லேப்டாப்களைப் புதுப்பித்து விற்பவர்களிடம் விலை கேட்டோம். எட்டு ஜிபி ரேம், எஸ்எஸ்டி, ஓராண்டு உத்தரவாதத்தோடு ஒன்று 19,000. கீல் உறுதியாக இருக்கும், கீபோர்டு, பேட்டரி இரண்டையும் கழற்றி மாற்றலாம், உதிரி பாகம் கிடைக்கும். கடைகளில் அதே விலைக்குக் கிடைக்கும் புது லேப்டாப்கள் நான்கு ஜிபி ரேமோடு திணறுபவை. பதினாறு வயதுப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக நாள் முழுக்கக் கையாளப்போகிற பொருளுக்கு, புதியதா என்பதைவிடப் பழுது பார்க்க முடிகிறதா என்பதுதான் பெரிய கேள்வி.

மின்சாரம் யாரும் எதிர்பார்க்காத விஷயம். 26 லேப்டாப், ஒவ்வொன்றுக்கும் 65 வாட் சார்ஜர் என்றால் 1,690 வாட். எல்லாம் ஒன்றாக ஓடினால் ஏழு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆய்வகத்தில் இருந்தவை பழைய ஐந்து ஆம்பியர் பிளக் பாயின்ட்கள். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, “இதுல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு வரிசையா சார்ஜர் மாட்டுனீங்கன்னா வயர் உருகிடும் சார்” என்றார். தனி லைன் இழுத்து, சுமை அதிகமானால் தானாக அணையும் எம்சிபி சுவிட்ச் போட்டு, காற்றோட்டமுள்ள இரும்பு பீரோவில் சார்ஜ் செய்யும் தட்டுகள் அமைக்க 52,000 ரூபாய் ஆகும் என்று எஸ்டிமேட் கொடுத்தார். இந்தச் செலவு தேவையா என்று குழுவில் ஒருவர் தயங்கினார். பிள்ளைகள் உட்காரும் அறை என்பதால் மற்ற நால்வரும் இதில் பேரம் பேசத் தயாராக இல்லை.

முடிவும் காரணங்களும்

2023 அக்டோபரில் முடிவு எழுத்தில் வந்தது. புதுப்பிக்கப்பட்ட லேப்டாப் 26, விலை 4,94,000. டேப் எட்டு, விலை 1,08,000. மின்வேலையும் பீரோவும் 52,000. மீதி 46,000 பழுதுக்கென்று தனிக் கணக்கில் வைக்கப்பட்டது.

லேப்டாப்கள் பள்ளியிலேயே இருக்கும். 52 பேருக்கு 26 என்றால் இரண்டு பேருக்கு ஒன்று. காலை எட்டு மணியிலிருந்து ஒன்பது வரையும் மாலை ஐந்தரை வரையும் ஆய்வகம் திறந்திருக்கும், அப்போது பிற பிரிவு மாணவர்களும் வரலாம். டேப்களில் நான்கு அறிவியல் ஆய்வகத்துக்கு. மற்ற நான்கும் நூலகப் புத்தகம் போல இரண்டு வாரத் தவணையில் வீட்டுக்குப் போகும். வீட்டில் பகலில் போன் கிடைக்காத பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு முன்னுரிமை.

ஆளுக்கொன்று என்பதைக் கைவிட்டது பலருக்கு வருத்தம். நன்கொடை தந்த சிலர், தங்கள் பணத்தில் வாங்கிய பொருள் ஒரு பிள்ளையின் கையில் போய்ச் சேர்வதைப் பார்க்க விரும்பினார்கள். அந்த ஆசையில் தவறு எதுவும் இல்லை. ஆனால் கணினி அறிவியல் செய்முறைக்குப் பொதுத்தேர்வில் 20 மதிப்பெண். அதற்குமேல், ஜேஇஇ மெயின், கியூட் (CUET) போன்ற நுழைவுத் தேர்வுகளைக் கணினி முன்னால் மவுஸைப் பிடித்துத்தான் எழுத வேண்டும். டேப்பில் மட்டுமே பழகிய பிள்ளை தேர்வு மையத்தில் முதல் முறையாக மவுஸைத் தொடக் கூடாது. உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் பிள்ளை பார்ப்பதைவிட உருவாக்க வேண்டியது அதிகம்: நிரல், கட்டுரை, அட்டவணை, திட்ட அறிக்கை. ஆறு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது, உருவாக்குகிற இடத்திலெல்லாம் டேப் பிள்ளையைத் தடுக்கியது, அளக்கிற, படமெடுக்கிற, படிக்கிற இடத்தில் லேப்டாப் தடுக்கியது. முதல் வகை வேலை அதிகம் என்பதால் பணமும் அங்கே அதிகம் போனது.

அதன் பிறகு நடந்தவை

தீபாவளி முடிந்து நவம்பர் இறுதியில் கருவிகள் வந்து சேர்ந்தன. முதல் மாதத்திலேயே ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு பேருக்கு ஒரு லேப்டாப் என்றால், வேகமாகத் தெரிந்தவர் கீபோர்டைப் பிடித்துக்கொள்கிறார், மற்றவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். எட்டு பேர் பார்த்த இடத்தில் இப்போது ஒருவர் பார்க்கிறார், அவ்வளவுதான். ஆசிரியை சுவரில் ஒரு கடிகாரம் மாட்டி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறியே ஆக வேண்டும் என்று விதி வைத்தார். பார்ப்பவரும் சும்மா இருக்கக் கூடாது, அடுத்த வரி என்னவென்று வாயால் சொல்ல வேண்டும். ஜனவரிக்குள் இது பழக்கமாகிவிட்டது. எந்தக் கருவி வாங்கினாலும் கிடைத்திருக்காத பலன் இந்த விதியால் கிடைத்தது என்பது என் எண்ணம்.

மாலை நேரத்தில் வந்தவர்களில் பாதிக்கு மேல் வேறு பிரிவு மாணவர்கள். வணிகவியல் பிள்ளைகள் அட்டவணைச் செயலியில் இருப்புநிலைக் குறிப்பு போட்டுப் பழகினார்கள். தமிழ் லோயர் முடித்த அந்த மாணவி, விருப்பப்பட்டவர்களுக்குத் தமிழ்த் தட்டச்சு சொல்லிக்கொடுத்தாள். பள்ளி மலர் முதல் முறையாகப் பிள்ளைகளே தட்டச்சு செய்து அச்சகத்துக்குப் போனது.

அறிவியல் ஆய்வகத்து டேப்கள் வாரம் தவறாமல் பயன்பட்டன. வீட்டுக்குப் போன நான்கின் கதை கலவையானது. பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதங்களில் அவற்றுக்குக் காத்திருப்போர் பட்டியலே இருந்தது. ஒரு டேப் இரண்டு மாதம் திரும்பி வரவில்லை. குடும்பம் வேலை தேடித் திருப்பூர் போயிருந்தது. வகுப்பாசிரியர் போன் செய்து பேசியதும் ஊருக்கு வந்த ஒரு உறவினர் கையில் பத்திரமாகக் கொடுத்தனுப்பினார்கள். அபராதமோ புகாரோ வேண்டாம் என்று தலைமையாசிரியர் சொன்னது சரியான முடிவு. அந்தப் பிள்ளை அடுத்த மாதம் திரும்பி வந்து சேர்ந்தபோது வெட்கப்பட வேண்டியிருக்கவில்லை.

முதல் முழு ஆண்டில் ஐந்து பேட்டரி, மூன்று கீபோர்டு, ஒரு டேப் திரை மாற்ற வேண்டியிருந்தது. பழுதுக் கணக்கில் 31,000 ரூபாய் செலவானது. லேப்டாப் பழுதுகளை உள்ளூர் கடையிலேயே முடிக்க முடிந்தது. டேப் திரையை மாற்ற ஆன செலவு டேப் விலையில் பாதியைத் தொட்டது, வெளியூருக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

2025 பிப்ரவரியில் அந்த 52 பேரும் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு எழுதினார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், நிரலில் பிழை வந்தபோது பிள்ளைகள் ஆசிரியையைத் திரும்பிப் பார்க்காமல் பிழைச் செய்தியைப் படித்துத் தாங்களே திருத்தியதைக் குறிப்பிட்டுச் சொன்னார். மதிப்பெண்ணை வைத்து நாங்கள் எதையும் நிரூபிக்க விரும்பவில்லை. செய்முறைக்குப் பெரும்பாலான பள்ளிகளில் நல்ல மதிப்பெண் வந்துவிடும். தேர்வாளர் பார்த்த அந்தக் காட்சிதான் எங்களுக்குச் சான்று.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இன்னொரு பள்ளி இதைச் செய்யப்போகிறது என்றால், 26 லேப்டாப்பும் ஒரே மாடலாக இருக்கும்படி வாங்கச் சொல்வேன். எங்களுக்கு வந்த சரக்கில் இரண்டு மாடல் கலந்திருந்தன. ஒன்றின் பேட்டரி மற்றொன்றுக்குப் பொருந்தாததால் உதிரிகளை இரண்டு வகையாக வாங்கி வைக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு லேப்டாப்போடும் 250 ரூபாய் மவுஸ் ஒன்றை முதல் நாளே சேர்த்துவிட வேண்டும். டச்பேடில் மட்டும் பழகியவர்கள் மவுஸுக்கு மாற நேரம் எடுத்தது.

தட்டச்சுப் பயிற்சி ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். பிளஸ் ஒன்னில் விசைகளைத் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத் தர்க்கம் யோசிக்க மனதில் இடம் இருக்காது. அதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை, காலை எட்டு மணி நேரத்தை ஒன்பதாம் வகுப்புக்கு ஒதுக்கினால் போதும். பேசி எழுதும் வசதியை எழுத்தில் தடுமாறும் பிள்ளைகளுக்கு முறையாகப் பயன்படுத்துவதையும் நாங்கள் சோதனையோடு விட்டுவிட்டோம். மடையைப் பற்றிச் சொன்ன அந்தப் பையனைப் போல ஒவ்வொரு வகுப்பிலும் சிலர் இருப்பார்கள். தமிழாசிரியர் இப்போது ஒரு டேப்பைத் தன் வகுப்புக்குக் கேட்டிருக்கிறார்.

2025 மார்ச் பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ தரப்படும் என்று மாநில அரசு அறிவித்தது. கல்லூரிக்குப் போகும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வழி திறந்திருப்பதால், ஆளுக்கொன்று வாங்கும் பேச்சு சங்கத்தில் மறுபடி எழவில்லை. 2025-26க்குத் திரட்டும் பணத்தில் புதுக் கருவி வாங்குவதாக இல்லை. பழுதுக் கணக்கில் மிச்சமிருக்கும் 15,000 ரூபாயோடு இன்னும் 40,000 சேர்ப்பது, மாலை நேரத்தில் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் இளைஞருக்கு மாதச் சம்பளம் தருவது, இந்த இரண்டும் தீர்மானமாகியிருக்கின்றன. அந்த வேலைக்கு விண்ணப்பித்தவர்களில் ஒருவர், பட்டம் முடித்துவிட்டு ஊரிலேயே இருக்கும் பழைய மாணவி. ஜூன் முதல் அவர் பொறுப்பேற்கிறார்.